முழங்கால் உயரத்துக் காற்று

கருப்புப் பினாயிலைத் தண்ணீரில் ஊற்றினால் தண்ணீர் பாலாக வெளுத்துப்போகிறது. ஊற்றுகிற கைக்கு அளவு கிடையாது. ஐந்து லிட்டர் கேனை இடுப்போடு அணைத்துச் சாய்த்து, வாளித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து, போதும் என்று மனசுக்குப் படுகிற இடத்தில் அந்த அம்மா நிறுத்துகிறார். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருகிற நாளில் அந்த இடம் கொஞ்சம் தள்ளிப்போகும். மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று பேச்சு அடிபட்டால் இன்னும் தள்ளிப்போகும்.

தென்மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனை. ஆண்கள் பொது மருத்துவ வார்டு, இரண்டாவது மாடி. நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் வராந்தாத் திண்ணையில் கிடப்போம். மருந்துச் சீட்டோடும் ரத்தக் குப்பியோடும் ஓடுகிற நேரம் போக, பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. காற்று வருகிற இடமெல்லாம் முன்பே வந்தவர்களுக்குப் போய்விட, எனக்குக் கிடைத்தது கழிப்பறை வாசலுக்கு நேர் எதிர்த் திண்ணை.

அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். சேலைக்கு மேல் நீலக் கோட்டு. முதுகில் ஒப்பந்த நிறுவனத்தின் பெயர். பாதி எழுத்தை பிளீச்சிங் பவுடர் தின்றுவிட்டது. காலில் ரப்பர் செருப்பு. மெட்டி போட்ட விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே தோல் வெள்ளையாக ஊறி வெடித்திருக்கிறது. சேத்துப்புண். நாற்று நடப் போகிறவர்களுக்கு மழைக்காலத்தில் வந்து, தண்ணீர் வடிந்ததும் ஆறிவிடும். இவருக்குச் சித்திரையிலும் ஆறவில்லை. நர்சுகள் அவரை ‘அக்கா’ என்கிறார்கள். நோயாளிகளுக்கு அவர் ‘ஆயாம்மா’. மகன் வயதுள்ள சூப்பர்வைசர் ‘ஏம்மா’ என்று கூப்பிடுகிறார்.

காலை ஆறு மணிக்குக் கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில், வருகைப் பதிவு. சுவரில் கைரேகை இயந்திரம் மாட்டியிருக்கிறது. பெண்கள் வரிசையாக வந்து கட்டைவிரலை வைக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரே தடவையில் பச்சை விளக்கு. இந்த அம்மாவுக்குச் சிவப்பு. விரலைத் தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப்பசை ஏற்றி மறுபடி வைக்கிறார். சிவப்பு. முந்தானையில் துடைத்து, வாயால் ஊதி, ஆள்காட்டி விரலை வைத்துப் பார்க்கிறார். வரிசையில் பின்னால் நிற்கிற யாரும் சலித்துக்கொள்வதில்லை. கடைசியில் சூப்பர்வைசர் நோட்டில் பெயரை எழுதிக்கொள்கிறார். “ரேசன் கடையிலயும் இப்பிடித்தேன். கண்ணக் காட்டித்தேன் அரிசி வாங்குறேன்” என்று அந்த அம்மா யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வாளியைத் தூக்குகிறார்.

கைரேகை ஏன் தேய்கிறது என்பதில் மர்மம் ஏதுமில்லை. தோலின் மேலடுக்கைக் கட்டிவைத்திருப்பது ஒருவகைக் கொழுப்பு. சோப்புக் கரைசலும் காரமும் அந்தக் கொழுப்பைக் கரைக்கின்றன. பிளீச்சிங் பவுடர் காரம். அடுப்படியில் பாத்திரம் கழுவுகிறவர்களுக்குத் தெரியும், வெறும் தண்ணீரிலேயே அதிக நேரம் ஊறினால் விரல் என்ன ஆகும் என்று. ஜெர்மனியில் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள், ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருக்கும் வேலையைத் தனி வகையாகப் பிரித்து, அதற்கென்று பாதுகாப்பு கேட்கின்றன. இந்த அம்மாவின் கை காலை ஆறரைக்கு நனைந்தால், பத்து மணிக்கு டீ கிளாஸைப் பிடிக்கும்போதுதான் காய்கிறது.

கையுறை இருக்கிறது. இல்லை என்று சொல்லக் கூடாது. நர்சுகள் ஊசி போடும்போது மாட்டுகிற மெல்லிய வெள்ளைக் கையுறை, பெட்டியிலிருந்து நாளுக்கு ஒரு ஜோடி. தென்னந்துடைப்பத்தின் ஈர்க்கு குத்தினால் கிழியும். மணிக்கட்டோடு முடிகிற அதற்குள் பினாயில் தண்ணீர் வழிந்து இறங்கும், இறங்கினால் வெளியேறாது. வியர்வையும் மருந்துமாக உள்ளே கை வெந்துகொண்டிருக்கும். முதல் கழிப்பறை முடிந்ததும் அவர் அதைக் கழற்றி உதறி ஜன்னல் கம்பியில் மாட்டிவிடுகிறார். அப்புறம் வெறுங்கைதான். முழங்கைவரை வரும் தடித்த ரப்பர் கையுறையைத்தான் இந்த வேலைக்குக் கொடுக்க வேண்டும். அந்த வார்டில் அதை நான் பார்க்கவில்லை.

ஆசிட் ஒரு தண்ணீர் பாட்டிலில் வருகிறது. பாட்டிலைச் சுற்றி குடிநீர் கம்பெனியின் லேபிள் அப்படியே இருக்கிறது. மூடியில் ஆணியால் ஓட்டை. உள்ளே இளமஞ்சள் திரவம், ஹைட்ரோகுளோரிக் அமிலம். பீங்கானில் ஏறியிருக்கும் உப்புக்கறையை வேறு எதுவும் இவ்வளவு வெரசாக எடுக்காது என்பது உண்மை. இந்தப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய இடமெல்லாம் சுண்ணாம்புப் படிவம். கறை இருந்தால் கழுவவில்லை என்று அர்த்தம். ஆகவே ஆசிட்.

அவர் கழிப்பறைக்குள் போகும் முன் வராந்தா ஜன்னலோரம் வந்து ஒரு மூச்சு நன்றாக இழுத்துக்கொள்கிறார். இதை முதலில் நான் அசதி என்று நினைத்தேன். மறுபடி மறுபடி பார்த்த பிறகுதான் அது வேலையின் ஒரு பகுதி என்று புரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், குத்தவைத்து, பீங்கானைச் சுற்றி ஆசிட்டைத் தெளிக்கிறார். மெல்லிய வெண்புகை எழுகிறது. பிரஷ்ஷால் பரபரவென்று தேய்க்கிறார். தேய்ப்பது மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யக்கூடிய காரியமல்ல. பாதியில் மூச்சு வந்துவிடுகிறது. தேய்த்து முடித்துத் தண்ணீர் ஊற்ற, குழாயில் நூல் பிடித்தாற்போல் வருகிறது. வாளி நிறையக் காத்திருக்க நேரமில்லை. அரைகுறையாக அலசிய இடத்திலேயே, டப்பாவிலிருந்து பிளீச்சிங் பவுடரை ஒரு கைப்பிடி அள்ளி வீசுகிறார்.

அப்போதுதான் இருமல் வரும். வராந்தாவில் எனக்கும் பக்கத்துத் திண்ணைக்காரருக்கும் தொண்டை லேசாகக் கரித்தது. உள்ளே இருந்தவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றார். கண்ணில் நீர் கொட்டியது. ஒரு நர்ஸ் கடந்துபோகிறபோது “என்னக்கா, சளியா?” என்றார். அவர் கையை மட்டும் அசைத்தார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி உள்ளே போனார்.

பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவருகிறது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் குளோரின் தயாரிக்கிற வழிகளில் ஒன்றே அதுதான். ஈரமான இடத்தில் அது மறுபடி அமிலமாகிறது. மனித உடம்பில் ஈரமான இடம் கண், மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல். மொத்தமாக ஒரே நேரத்தில் அதிகம் போனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், உயிர் போகும். கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் அந்த நாளில் ஒன்றும் தெரியாது. மூக்கு பழகிவிடுகிறது. குளோரின் வாசனையைத் தொடர்ந்து முகர்கிறவர்களுக்கு அதை உணரும் திறன் மழுங்கிப்போகும் என்பது மருத்துவம் அறிந்த விஷயம். “எனக்கெல்லாம் இப்ப நாத்தமே தெரியிறதில்ல” என்று அந்த அம்மா ஒருநாள் யாரிடமோ பெருமையாகச் சொன்னது காதில் விழுந்தது. உடம்பு கொடுக்கிற முதல் எச்சரிக்கை அவரிடமிருந்து போய்விட்டது என்பதுதான் அதன் பொருள்.

இன்னொன்றையும் அந்தத் திண்ணையிலிருந்து பார்த்தேன். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. அது மேலே போகாது, தரையோடு கிடக்கும். கழிப்பறை வாசலில் நின்று எட்டிப் பார்க்கிற சூப்பர்வைசரின் மூக்கு ஐந்தரை அடி உயரத்தில் இருக்கிறது. உள்ளே வந்து போகிற நோயாளியின் மூக்கும் பெரும்பாலும் அங்கேதான். குத்தவைத்துத் தேய்க்கிறவரின் மூக்கு பீங்கானிலிருந்து இரண்டு அடியில் இருக்கிறது. அறை ஒன்றுதான், அவர் மூச்சு விடுகிற காற்று வேறு. முழங்கால் உயரத்தில் என்ன இருக்கிறது என்று நிற்கிறவர்களுக்குத் தெரிய வழியில்லை.

எல்லாவற்றிலும் மோசமான இடம் ஆண்கள் சிறுநீர் கழிக்கும் வரிசை. பழைய சிறுநீரில் யூரியா சிதைந்து அமோனியாவாகியிருக்கும். அதன்மேல் பிளீச்சிங் பவுடர் விழுந்தால் குளோரமைன் என்கிற வாயுக்கள் பிறக்கின்றன. நீச்சல் குளத்தில் கண் சிவக்கிறதே, அதற்குக் காரணமும் இதே வகைதான். இங்கே மூடிய அறையில், பல மடங்கு. முதலில் நிறையத் தண்ணீர் விட்டுச் சோப்பால் கழுவிவிட்டு, பிறகு அளவாக பிளீச்சிங் போட்டால் இந்தத் தொல்லை பெரிதும் இல்லை. அழுக்கின் மேலேயே போட்டால் பிளீச்சிங்குக்கும் வலு போய்விடுகிறது, கிருமியும் சரியாகச் சாவதில்லை. ஆனால் தண்ணீருக்கு மோட்டார் போடுகிற நேரமும், அவருக்கு ஒதுக்கிய நேரமும் ஒத்துவருவதில்லை. சிறுநீர்க் கோப்பைகளில் பாச்சை உருண்டை வேறு கிடக்கிறது. நாப்தலின். மனிதருக்குப் புற்றுநோய் வரச் சாத்தியமுள்ளவை என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை வைத்திருக்கிறது. தீர்ந்துபோன உருண்டைக்குப் பதில் புதியதை அவர் வெறுங்கையால்தான் போடுகிறார்.

சூப்பர்வைசர் கெட்ட மனிதரல்ல. மதியம் சாப்பிட நேரம் கொடுக்கிறார். யாருக்காவது பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அரை நாள் விடுகிறார். அவர் வார்டைச் சோதிக்கிற முறைதான் எனக்குப் பொறுக்கவில்லை. தரையை அவர் பார்ப்பதில்லை. வாசலில் நின்று மூக்கை உறிஞ்சுகிறார். வாசனை ‘கும்’மென்று வந்தால் அடுத்த வார்டுக்குப் போகிறார். வரவில்லை என்றால், “ஏம்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து.” அவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. திண்ணையில் இருக்கிற நாங்களும் அப்படித்தான். பக்கத்திலிருந்த பெரியவர் பினாயில் வாசனை வந்ததும் “ஆங், இப்பத்தேன் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு” என்றார். வீட்டில் பண்டிகைக்கு முதல்நாள் நாம் ஊற்றுகிற அரை பாட்டிலும் அதே நம்பிக்கைதான். சுத்தத்துக்கு வாசனை கிடையாது. மூக்கைத் துளைக்கிற வாசனை என்பது காற்றில் மருந்து மிச்சமிருக்கிறது என்பதற்கு அடையாளம். அதை நாங்கள் ஒரு நிமிஷம் முகர்ந்து திருப்திப்பட்டுக்கொள்ள, அவர் எட்டு மணி நேரம் உள்ளே இழுக்க வேண்டியிருக்கிறது.

அளவு என்று ஒன்று இருக்கிறது. நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். கொரோனாக் காலத்தில் உலக சுகாதார நிறுவனம் சாதாரணப் பரப்புகளைத் துடைக்கச் சொன்ன வலு 0.1 சதவீதம். பத்து லிட்டர் வாளிக்கு 30 கிராம் போட்டால் அது வந்துவிடும். அந்த அம்மா மூன்று கைப்பிடி போடுகிறார். அவர் மேல் குற்றமில்லை. சாக்கு மூட்டை ஸ்டோரின் ஈரச் சுவரோரம் வாய்திறந்து கிடக்கிறது. ஈரக்காற்று பட்டால் பவுடரின் குளோரின் பறந்துவிடும். மூட்டையின் மேல்பகுதி சுண்ணாம்புக் கட்டியாகக் கிடக்கும், அடிப்பகுதி வீரியத்தோடு இருக்கும். எது எந்த வலுவில் இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. ஒரு மூடி போட்ட டிரம், ஓர் அளவுக் கரண்டி, என்ன மருந்து என்று தமிழில் எழுதிய லேபிள். இந்த மூன்றுக்கும் ஆகிற செலவு ஒரு வாரத்துப் பினாயில் செலவுக்குள் அடங்கும்.

மதியம் மாடிப்படித் திருப்பத்தில் நான்கைந்து பெண்கள் டிபன்பாக்ஸைத் திறக்கிறார்கள். அந்த அம்மா ஸ்பூனால் சாப்பிடுகிறார். சோற்றைக் கையால் பிசைந்து பழகிய தலைமுறை. ஆனால் விரல் வெடிப்பில் புளிக்குழம்பு பட்டால் காந்துகிறதாம். ஆபரேஷன் தியேட்டர் பக்கம் வேலை பார்க்கிற பெண், சனிக்கிழமை ராத்திரி பார்மலின் புகை போட்டு மூடுவதையும், மறுநாள் காலை கதவைத் திறக்கிறபோது கண்ணைத் திறக்க முடியாமல் போவதையும் சொன்னார். அந்தப் பார்மலினின் மூலப்பொருளான பார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் அதே புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் உறுதியாக வகைப்படுத்தியது. அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது கண்ணெரிச்சல் மட்டும்.

“கொரோனா நேரத்துல முதுகுல டேங்கக் கட்டிக்கிட்டு அடிச்சோமே, அப்ப இருந்துதேன் எனக்கு இந்த இளைப்பு.”

“ஒனக்காச்சும் இளைப்பு. எனக்குப் பேசினாலே இருமல் வருது.”

“ராத்திரி வெல்லத்தத் தின்னுட்டுப் படு. நெஞ்சுல இருக்கிறதெல்லாம் வயித்துக்கு எறங்கிரும்.”

பஞ்சாலையிலும் சுண்ணாம்புக் காளவாசலிலும் வேலை பார்த்தவர்களிடம் கேட்ட அதே வைத்தியம். தூசியைத் தின்னும் தொழிலில் இருக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்வது இந்த வெல்லத்தைத்தான். பாவம், வெல்லம் நுரையீரலுக்குப் போகிற பாதையில் போவதில்லை. 2020-இல் அந்த டேங்கோடு இவர்கள் தெருத்தெருவாக, வார்டு வார்டாக அடித்தபோது, ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் ஆட்கள் மேல் மருந்தடிக்கக் கூடாது என்றது. மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறைகளுக்குள் தெளிப்பதையே பரிந்துரைக்கவில்லை என்றது. அடிக்கிறவர்களின் கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல் என்று காரணமும் சொன்னது. துணியால் துடைத்தால் போதும் என்பதுதான் அதன் சாரம். அந்தச் செய்தி மாடிப்படித் திருப்பம்வரை வந்துசேரவில்லை.

இவர்கள் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஒரு பெரிய ஆய்வு அளந்து சொல்லியிருக்கிறது. நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் 6,235 பேரை இருபது ஆண்டுகள் தொடர்ந்து, அவ்வப்போது குழாயில் ஊதச் சொல்லி நுரையீரலின் வலுவைப் பதிவுசெய்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. வயது ஏற ஏற எல்லோருக்கும் நுரையீரல் தளரும். துப்புரவுத் தொழில் செய்த பெண்களுக்கும், வீட்டைத் தாங்களே சுத்தம் செய்த பெண்களுக்கும் அந்தத் தளர்ச்சி மற்றப் பெண்களைவிட வேகமாக இருந்தது. தொழிலாகச் செய்த பெண்கள், முதல் ஒரு விநாடியில் ஊதித் தள்ளக்கூடிய காற்றில் ஆண்டுக்கு 3.9 மில்லிலிட்டர் கூடுதலாக இழந்தார்கள். கேட்டால் துளி. இருபது ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்து, நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் பத்திருபது ஆண்டு சிகரெட் குடித்தவர்களின் இழப்போடு அதை ஒப்பிட்டார்கள். அவை காற்றோட்டத்துக்கும் கையுறைக்கும் சட்டம் இருக்கிற நாடுகள். புட்டிமேல் என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிற நாடுகள்.

1700-இல் இத்தாலியில் ஒரு புத்தகம் வெளியானது. எழுதியவர் பெர்னார்டினோ ராமஸ்ஸீனி. மோதெனா நகரத்து மருத்துவர். தொழில்களால் வருகிற நோய்களைப் பற்றி அப்படி ஒரு நூல் அதற்கு முன் வந்ததில்லை. அது எப்படித் தொடங்கியது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய ஆள் வந்திருக்கிறார். அந்த ஆள் பதறிப் பதறி வேலை செய்வதைப் பார்த்த ராமஸ்ஸீனி, ஏன் இப்படி அவசரப்படுகிறாய் என்று கேட்டிருக்கிறார். உள்ளே அதிக நேரம் இருந்தால் கண் போய்விடும் என்று பதில் வந்தது. அதன்பிறகு ஊருக்குள் அந்தத் தொழில் செய்கிறவர்களைத் தேடிப்போய்ப் பார்த்தால், பார்வை மங்கியவர்களும் பார்வை போய்ப் பிச்சையெடுக்கிறவர்களும் இருந்தார்கள். நோயாளியிடம் மருத்துவர் கேட்க வேண்டியவை என்று ஹிப்போகிரட்டிஸ் காலத்திலிருந்து வந்த கேள்விகளோடு, அவர் ஒரு கேள்வியைச் சேர்த்தார்: நீ என்ன வேலை செய்கிறாய்? முந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்தக் கேள்விக்கு நம்முடைய புறநோயாளிச் சீட்டில் இடம் இல்லை. பெயர், வயது, பாலினம், ஊர். அவ்வளவுதான். தொழில்நோய்க்கு இழப்பீடு என்று நம் நாட்டில் 1923-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. நோய் வேலையிலிருந்து வந்தது என்று காட்ட ஒரு தாளாவது வேண்டாமா? எந்தச் சீட்டிலும் வேலை எழுதப்படாதவருக்கு அந்தத் தாள் எங்கிருந்து வரும்?

நான் துணைக்கு இருந்தவரின் எக்ஸ்ரேயைக் காட்டிவர ஒருநாள் கீழ்த்தளத்து நெஞ்சக நோய்ப் பிரிவுக்கு அனுப்பினார்கள். வரிசையில் எனக்கு முன்னால் அந்த அம்மா. கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தார். சீட்டு வாங்க இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருப்பார் போல. உள்ளே இருந்தது ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பெண்.

“என்னம்மா செய்யுது?”

“மூச்சு வாங்குது மேடம். ராத்திரில விசில் மாதிரி சத்தம் வருது.”

“எத்தன நாளா?”

“ரெண்டு வருசமா இருக்கும்.”

பீடி, விறகடுப்பு, வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா. வழக்கமான கேள்விகள். எல்லாவற்றுக்கும் இல்லை. ஒரு சின்னக் குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். முள் பாதிகூடப் போகவில்லை. டாக்டர் சீட்டில் எழுதத் தொடங்கி, மடித்து வைத்த நீலக் கோட்டைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

“என்ன வேலம்மா பாக்குறீங்க?”

“இங்கதேன் மேடம். மேல ஆம்பள வார்டு.”

“லீவு அன்னைக்கி எப்பிடி இருக்கும்?”

அந்த அம்மா யோசித்தார். யாரும் அவரிடம் அதுவரை கேட்காத கேள்வி என்பது முகத்தில் தெரிந்தது. “லீவு அன்னைக்கி நல்லாத்தேன் இருக்கு. போன தடவ மக பேறுகாலத்துக்கு பத்து நாளு போகல. அப்ப ராத்திரி நல்லாத் தூங்குனேன். திரும்ப வந்து ரெண்டாம் நாளே புடிச்சுக்கிருச்சு.”

“என்னென்ன மருந்து ஊத்துறீங்க?”

“வெள்ள இருக்கு, கருப்பு இருக்கு, மஞ்ச இருக்கு. அப்பறம் பவுடரு.”

“மஞ்சயும் பவுடரும் ஒண்ணாப் போடுவீங்களா?”

“ஒண்ணாப் போட்டாத்தேன் மேடம் கறை போகுது.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, ஏன் போடக்கூடாது என்று சொன்னார். வரிசை நீளமாக இருந்தது. பின்னாலிருந்து யாரோ முனகினார்கள். ஆனாலும் முழுக்கச் சொன்னார். ஆசிட் போட்டால் நன்றாக அலச வேண்டும், பவுடரை வேறு நேரத்தில் போட வேண்டும், ஜன்னலைத் திறக்க வேண்டும், துணி மாஸ்க் தூசியைக்கூட முழுக்கத் தடுக்காது, வாயுவை அறவே தடுக்காது. பிறகு இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று காட்டிக்கொடுத்தார். சீட்டில் மருந்துக்கு மேலே, ‘துப்புரவுப் பணி, குளோரின் மற்றும் அமிலப் புகை, விடுமுறையில் குறைகிறது’ என்று எழுதி, கழிப்பறை வேலையிலிருந்து மாற்றிக் கொடுக்கப் பரிந்துரை என்றும் எழுதினார். “சூப்பர்வைசர்கிட்ட காட்டுங்கம்மா. தொலைச்சிராதீங்க. இந்தச் சீட்டு முக்கியம்.”

அந்தச் சின்ன டாக்டருக்கு என் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அவர் செய்தது பெரிய வைத்தியம் இல்லை. எழுத வேண்டியதை எழுதினார்.

சீட்டு வேலை செய்தது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அந்த அம்மாவுக்கு வராந்தா பெருக்குகிற வேலை. கழிப்பறைக்கு வேறொரு பெண் வந்தார். இருபத்தைந்து வயது இருக்கலாம், கையில் கல்யாண வளையல்கூட மாறவில்லை. நோய் வந்தவரை நகர்த்திவிட்டு நோய் வராதவரை அந்த இடத்தில் வைப்பதுதான் நிர்வாகம் கண்ட தீர்வு. பாட்டிலில் லேபிள் ஒட்டப்படவில்லை. சாக்கு அதே ஈரச் சுவரோரம் கிடந்தது.

புதுப்பெண் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். “எத்தன கைப்பிடி போடணும்க்கா?”

அந்த அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். கையால் அள்ளாதே என்று சொல்லி, டீக்கடைப் பேப்பர் கப் ஒன்றை எடுத்து, அதில் கால்வாசிக்கும் குறைவாக நகத்தால் ஒரு கோடு கீறிக் கொடுத்தார். “இது ஒரு வாளிக்கு. மொதல்ல சோப்பப் போட்டு நல்லாத் தேய்ச்சு அலசிரு. ஜன்னலத் தொறந்து வச்சுக்க. மஞ்சயும் இதயும் ஒரே நேரத்துல போட்டுறாத, தாயி. என்னையப் பாத்தேல்ல.” அன்றைக்கு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணீர் வந்தது. புதுப்பெண் வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். வெளியே வந்தபோது இருமவில்லை.

மூன்று மணிக்கு சூப்பர்வைசர் வந்தார். வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

“ஏம்மா, கழுவுனீங்களா இல்லையா? வாசனையே வரல?”

புதுப்பெண் பதில் சொல்லாமல் அக்காவைப் பார்த்தார். வராந்தாவின் கடைசியிலிருந்து அந்த அம்மாதான் குரல் கொடுத்தார்.

“கழுவித்தேன் இருக்கு தம்பி. உள்ள போயி, குனிஞ்சு பாருங்க.”